சுமைதாங்கியும் சுரங்க ரயிலும்

(பாலக்காட்டு எல்லைச் சிற்றூர் ஒன்றின் வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் பனைகளும் சூழ்ந்த இந்தக் கிழக்கு எல்லையில் கூடியிருந்துகொண்டு, மாநகரங்களின் அடியில் ஓடும் சுரங்க ரயிலைப் பற்றியும் அதில் மூட்டை முடிச்சுகளோடு பிரயாணம் செய்கிறவர்களைப் பற்றியும் பேசுவானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றக்கூடும். நான் பிறந்தது உடும்பன்சோலைத் தாலுகாவின் ஏலத்தோட்டம் ஒன்றில். பிழைப்புக்காக இறங்கி வந்து நிலைத்தது இந்தச் சித்தூர்த் தாலுகாவில். மலையிலும் சமவெளியிலும் நான் பழகிய நம் ஜனங்களுக்கு ஒரு பொதுவான விதி உண்டு. பெரிய வைத்தியத்துக்கானாலும், மேற்படிப்புக்கானாலும், உத்தியோகத்துக்கானாலும், அவர்கள் தொலைதூர நகரம் ஒன்றை நாடிப் போக வேண்டியவர்கள். போகும்போது வெறுங்கையோடு போக முடியாதவர்கள். அப்படிப் போகிற மனிதன், இரவெல்லாம் ரயிலில் வந்து, விடிந்ததும் அந்த நகரத்துக்குள் புகும் வாயில் இன்று பூமிக்கு அடியில் இருக்கிறது. அந்த வாயில் அவனை எப்படி வரவேற்கிறது என்பது நம்முடைய விஷயம்.

முதலில், நம்மவர்கள் அந்த வாயிலுக்கு வந்து சேரும் வழியைச் சொல்கிறேன். நான் பிறந்த இடுக்கி ஜில்லாவில் இன்றுவரை ஒரு ரயில் நிலையம் கிடையாது. பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் ராஜகுமாரியிலும் இருக்கிற தோட்டத் தொழிலாளிக்கு ரயில் என்றால், போடிமெட்டு இறங்கிப் போடிநாயக்கனூருக்குப் போவதே வழக்கம். 1928ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து போடிக்கு வந்த மீட்டர் கேஜ் ரயில், அகலப்பாதை போடுவதற்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பின்னர், 2023ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நேரடி ரயில் ஓடத் தொடங்கியது. அது வாரத்தில் மூன்று நாள் செல்லும் வண்டிதான். ஆயினும் மெட்டிலிருந்து மூட்டையோடு பஸ்ஸில் இறங்கி வந்தவன், மதுரையில் இன்னொரு வண்டிக்கு மாற வேண்டிய சிரமமின்றி, இரவு போடியில் ஏறிக் காலையில் சென்னையில் இறங்கும் பாக்கியத்தை அது கொடுத்திருக்கிறது.

பாலக்காட்டின் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை தானாகவே திறந்து வைத்த கணவாய் நமக்கு இருந்தபடியால், 1862ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து பேப்பூர்க் கடற்கரை வரை ரயில் பாதை இவ்வழியாகச் சென்றுவிட்டது. பிற்காலத்தில் பொள்ளாச்சியோடு இணைத்த மீட்டர் கேஜ் பாதையும் 2015ஆம் ஆண்டில் அகலப்பாதையாகி, இன்று கொல்லங்கோடு, பொள்ளாச்சி, பழநி வழியாகவும் பாலக்காட்டிலிருந்து சென்னைக்கு வண்டி செல்கிறது. இப்படியாக, ஏலமலையிலிருந்து இறங்கியவரும் கொல்லங்கோட்டு வயல்வெளியில் ஏறியவரும், வெவ்வேறு திசைகளில் புறப்பட்டு, ஒரே சென்ட்ரல் நிலையத்தின் கூரையின் கீழ் வந்து சுமையை இறக்குகிறார்கள்.

அந்தச் சுமையில் என்ன இருக்கிறது என்பதைச் சிறிது அவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால், அதை அவிழ்த்துப் பாராதவர்களே அதனை அநாவசியம் என்று சொல்லிவிடுகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அழைத்துச் செல்லும் குடும்பத்தின் மூட்டையில் இரண்டு போர்வை, ஒரு பாய், சுடுநீர் பிளாஸ்க், தட்டு, தம்ளர், பத்து நாளைக்கு வேண்டிய மாற்றுத் துணி, எல்லாவற்றுக்கும் மேலாக, கசங்காமல் அட்டைக்குள் வைத்துக் கட்டிய எக்ஸ்ரே படங்கள் இருக்கும். நோயாளிக்குக் கட்டில் கிடைத்தாலும் துணைக்கு இருப்பவர் தரையில் படுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் கட்டிய மூட்டை அது. கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் பெட்டியில் புத்தகமும் படுக்கையும் இருக்கும். அவன் தாய் அவனுக்குத் தெரியாமல் திணித்த நேந்திரங்காய் வறுவலும் இருக்கும். நகரத்தில் குடியேறிய மகளைப் பிரசவத்துக்குப் பார்க்கப் போகும் தாயின் சாக்குப்பையில் மட்டையரிசியும் தேங்காயும் இருக்கும். மலைக்காரியாக இருந்தால், ஒரு பொட்டலம் ஏலக்காயும் குறுமிளகும் தப்பாமல் இருக்கும். நகரத்துக் கடைகளில் இவையெல்லாம் கிடைக்கும் என்பது மெய்தான். ஆனால் அந்தக் கடையின் விலையும், அந்தத் தாயின் கைம்முதலும், மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாகாது என்னும் நம் மரபும் சேர்ந்து அந்த மூட்டையைக் கட்டுகின்றன.

இனி, நம் மலையின் பழைய சரித்திரம் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு, 1902ஆம் ஆண்டில், மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்றை அமைத்தார்கள். 1908ஆம் ஆண்டில் அது இரண்டடி அகலமுள்ள சிறு ரயில் பாதையாக மாற்றப்பட்டது. அந்த ரயில் கொண்டுவந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியே, மேகத்தைக் கிழித்துக்கொண்டு, கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டிகளில் போடிக்குச் சென்றன. 1924ஆம் ஆண்டில், மலையாள வருஷம் 1099இல் பெய்த பெருமழையில் அந்த ரயில் பாதை அழிந்துபோயிற்று. பிறகு யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. அந்த வெள்ளத்தைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்றே நம் மலையில் சொல்கிறார்கள்.

இந்தச் சரித்திரத்தை நான் கேட்டபோதெல்லாம் என் மனத்தில் தங்கியது ஒரு காட்சி. தேயிலைப் பெட்டிகள் மேலே கம்பிவடத்தில் சுகமாக இறங்கிக்கொண்டிருக்க, அந்தத் தேயிலையைக் கிள்ளுவதற்காகக் கங்காணியின் பின்னே வந்த நம் பாட்டன் பாட்டிமார்கள், தலையில் சும்மாடு கூட்டி, அதன்மேல் பானையும் துணிமூட்டையும் வைத்து, இடுப்பில் குழந்தையோடு, அட்டைக்கடியில் இரத்தம் வழிய, அதே மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சரக்குக்கு வழி செய்த காலம் ஆளுக்கு வழி செய்ய நினைக்கவில்லை. இன்று அவர்களுடைய பேரன் மாநகரத்தின் பாதாளத்தில் இறங்கும்போது கணக்கு தலைகீழாக மாறியிருக்கிறது. ஆளைக் கொண்டுசெல்லக் கோடிக்கணக்கில் செலவிட்டு வழி செய்திருக்கிறார்கள். அவன் கையிலிருக்கும் சுமைக்கு இடம் இருக்கிறதா என்பது மட்டும் கடைசியில் வைத்து யோசிக்கப்படுகிறது. இரண்டு காலத்திலும், மனிதனையும் அவன் சுமையையும் ஒருசேரப் பார்க்கும் கண் இல்லாமற்போனதே குறை என்பது என் அபிப்பிராயம். இந்தச் சொற்பொழிவின் சாரமும் அதுவே.

சுரங்க ரயில் பிறந்த கதையைப் பார்த்தால், சுமையோடு வருகிறவனுக்கும் அதற்கும் உள்ள உறவு விளங்கும். உலகத்தின் முதல் சுரங்க ரயில் 1863ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி லண்டனில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தூரம். இழுத்தது நீராவி எஞ்சின். முதல் நாளில் மாத்திரம் சுமார் 38,000 பேர் பிரயாணம் செய்தார்கள். அதை ஏன் தோண்டினார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. நாட்டின் பல திசைகளிலிருந்து லண்டனுக்கு வந்த பெரிய ரயில்கள் நகரத்தின் நடுப்பகுதிக்குள் நுழையாமல் பாடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் என்று விளிம்பிலேயே நின்றுவிட்டன. அங்கே இறங்கியவர்கள் குதிரை வண்டிகளில் ஏறித் தெருக்களை அடைத்தார்கள். அந்த நெரிசலைத் தீர்த்து, வெளியூர் வண்டிகள் நிற்கும் நிலையங்களை நகரத்தின் நடுவோடு இணைப்பது அந்த முதற் சுரங்கத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. ஆகவே, ஊரிலிருந்து பெட்டியோடு வந்திறங்குகிறவன் சுரங்க ரயிலுக்கு அந்நியன் அல்லன். அது தோன்றக் காரணமானவர்களுள் அவனும் ஒருவன்.

பிற்காலத்தில் அலுவலகம் போய்த் திரும்பும் நகரவாசியே எங்கும் அதன் முக்கியப் பிரயாணியாகிவிட்டபடியால், வண்டிகளும் வாயில்களும் வெறுங்கையனின் அளவுக்கு வகுக்கப்பட்டன. ஆயினும் தவற்றை உணர்ந்து திருத்திய இடங்களும் உண்டு. 1977ஆம் ஆண்டில் லண்டன் சுரங்க ரயில் ஹீத்ரோ விமான நிலையத்தைத் தொட்டபோது, அந்தத் தடத்துக்கென்று செய்த பெட்டிகளில் கதவுகளின் அருகே சாமான்கள் வைப்பதற்காக அதிக இடம் விட்டுக் கட்டினார்கள். நம் தேசத்திலோ, முதற் சுரங்க ரயில் 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி கல்கத்தாவில் ஓடியது. நாட்டின் பாதிச் சுமையும் வந்திறங்குகிறதோ என்று எண்ணத்தக்க ஹௌரா நிலையத்துக்கு அது ஹூக்ளி ஆற்றின் அடியால் சென்று சேர, 2024ஆம் ஆண்டு வரை நாற்பது வருஷம் ஆயிற்று. பெட்டி படுக்கையோடு ஹௌராவில் இறங்கியவர்கள் அந்த நாற்பது வருஷமும் பாலத்தைக் கடந்தோ, ஆற்றில் படகிலோதான் நகரத்துக்குள் போனார்கள்.

சென்னைக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை உயரத்தில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில், 2017ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை முதன்முதலாகப் பூமிக்குள் புகுந்தது. 2018ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி எழும்பூரையும் சென்ட்ரலையும் அடைந்தது. நம்மவர்களுடைய வாயில் திறந்தது அந்த நாளில்தான். சென்ட்ரல் மெட்ரோ நிலையம் 70,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பில், நாட்டின் மிகப் பெரிய சுரங்க நிலையங்களுள் ஒன்றாக அமைந்திருக்கிறது. விமான நிலையம் செல்லும் நீலத் தடமும், கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை செல்லும் பச்சைத் தடமும் அங்கே வெவ்வேறு மட்டங்களில் சந்திக்கின்றன. முன்னர், விடியற்காலையில் சென்ட்ரல் வாசலில் இறங்கியவனை ஆட்டோக்களின் பேரம் சூழ்ந்துகொள்ளும். ஊர் தெரியாதவன் மிரண்டு நிற்பான். இன்று வாசலுக்கு எதிரிலேயே, குறித்த கட்டணத்தில், வெயிலும் மழையும் படாமல், குளிர்ந்த வண்டியில் போகும் வழி இருக்கிறது. இதை ஒரு பெரிய உபகாரம் என்று நான் மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் அங்கே புகும்போது என்ன நேர்கிறது என்பதை மூட்டைக்காரனின் நிலையிலிருந்து பாருங்கள். ரயில் நிலையத்தில் செஞ்சட்டைப் போர்ட்டர் ஒருவர் இருந்தார். அவருடைய எல்லை அந்த நிலையத்தோடு முடிந்துவிட்டது. இங்கே முதலில் சுமையை எக்ஸ்ரே இயந்திரத்தின் பட்டையில் ஏற்ற வேண்டும். மறுபுறம் ஓடிப்போய் இறக்க வேண்டும். பிறகு சீட்டைக் காட்டினால் திறந்து உடனே மூடிக்கொள்ளும் தானியங்கி வாயில். பிறகு நகரும் படிக்கட்டு. நிலைத்த படியிலேயே சுமையோடு ஏறிப் பழகிய காலுக்கு, ஓடும் படியில் பெட்டியையும் தன்னையும் ஒரே கணத்தில் நிறுத்துவது எளிய காரியமன்று. பிறகு கண்ணாடிச் சுவர்போல் நிற்கும் நடைமேடைக் கதவுகள். அவை ரயிலின் கதவுகளோடு சேர்ந்து திறந்து, சில விநாடிகளில் சேர்ந்து மூடிக்கொள்ளும். மூன்று மூட்டையும் ஒரு நோயாளியும் இரண்டு ஆளுமாக வந்த குடும்பத்துக்கு அந்தச் சில விநாடி ஒரு பரீட்சை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் அறிந்திருக்க வேண்டும். 2002ஆம் ஆண்டில் முதலில் டெல்லிக்காக இயற்றப்பட்டுப் பின்னர் ஏனைய நகரங்களுக்கும் விரிவாக்கப்பட்ட மெட்ரோ ரயில்வேச் சட்டத்தின்படி, பிரயாணி தன் சொந்த உபயோகத்துக்கான சிறு சாமான்களை மட்டும், விதிகள் குறிக்கும் அளவுக்கும் எடைக்கும் உட்பட்டு எடுத்துச் செல்லலாம், சரக்கு ஏற்றலாகாது, அபாயமான பொருள்களும் பிறருக்கு அருவருப்புத் தரும் பொருள்களும் கூடா. டெல்லியில் ஓர் ஆளுக்கு 15 கிலோ என்றிருந்த வரம்பு பின்னர் 25 கிலோவாக உயர்த்தப்பட்டது. வரம்பே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. பெரிய ரயில் ஒரு நிலையத்தில் சில நிமிஷங்கள் நிற்கும். சுரங்க ரயில் நிற்பது சில விநாடிகள்தான். ஒரு கதவில் ஒரு மூட்டை சிக்கினால் கதவு மறுபடி திறக்கும். மறுபடி மூடப் பார்க்கும். அதுவரை வண்டி நகராது. அந்த வண்டி நகராவிட்டால் அதன் பின்னே சில நிமிஷ இடைவெளியில் வந்துகொண்டிருக்கும் வண்டி சுரங்கத்திலேயே காத்திருக்க வேண்டும். ஒருவன் சுமை ஓராயிரம் பேருடைய காலத்தை நிறுத்திவிடும். தவிர, பூமிக்கடியில் புகையோ தீயோ நேர்ந்தால் ஜனங்கள் ஓடி வெளியேற வேண்டிய வழியில் மூட்டைகள் கிடந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், விதியைச் செய்தவர்களின் கவலை நியாயமானது என்று தெரியும்.

எனவே வழக்கு, விதிக்கும் மூட்டைக்கும் இடையே அல்ல. எட்டு மணிக்கு அலுவலகம் போகிறவனுடைய உரிமையும், எட்டு மணிக்கு ஊரிலிருந்து வந்திறங்கியவனுடைய தேவையும் ஒரே நடைமேடையில் எதிர்ப்படுகின்றன; இரண்டும் நியாயமானவை. இரண்டையும் ஒன்றாகத் தாங்கும் ஏற்பாட்டைச் செய்வதுதான் நாகரிகத்தின் வேலை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவைக் கண் சிகிச்சைக்காக ஒரு பெருநகரத்துக்கு அழைத்துச் சென்றேன். ஊரின் பெயரும் நிலையத்தின் பெயரும் இங்கே வேண்டுவதில்லை. ரயிலிலிருந்து இறங்கிச் சுரங்க நிலையத்துக்குள் போனோம். மின்தூக்கியின் வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. நகரும் படியில் கால் வைக்க என் பெரியம்மா அஞ்சினார். ஒரு கையில் அவரையும் மறு கையில் பெட்டியையும் பிடித்துக்கொண்டு கல் படிகளில் இறங்கத் தொடங்கினேன். போர்வை மூட்டை மேற்படியிலேயே நின்றுவிட்டது. கல்லூரிப் பெண் ஒருத்தி, காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு எங்களைக் கடந்து போனவள், திரும்பி ஏறி வந்து, ஒன்றும் கேளாமல் மூட்டையின் முடிச்சைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கீழ்ப்படிவரை வந்து வைத்தாள். "எந்த ஊரு தாயி நீ?" என்று பெரியம்மா கேட்டதற்கு அவள் சொன்ன பதில், வந்து நின்ற வண்டியின் ஓசையில் எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் போய்விட்டாள். அன்றிரவு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு பெரியம்மா சொன்னார்: "தூக்குனது பெருசில்லப்பா. கேக்காமத் தூக்குனா பாரு, அதுதான்."

அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு நம் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல் நினைவுக்கு வந்தது. இளம் நண்பர்கள் சிலர் அதைக் கண்டிருக்கமாட்டார்கள். நட்டு நிறுத்திய இரண்டு கல். அவற்றின்மேல் குறுக்கே கிடத்திய ஒரு கல். உயரம், தலைச்சுமைக்காரன் நிற்கும்போது அவன் தலையளவு. அந்த அளவில்தான் அதன் ஞானமெல்லாம் இருக்கிறது. தனியாக வருகிறவன் சுமையைத் தரையில் இறக்கிவிட்டால், அதைத் திரும்பத் தலையில் ஏற்ற இன்னோர் ஆள் வேண்டும். இந்தக் கல்லின்மேல் நகர்த்தி வைத்துவிட்டால், இளைப்பாறியபின் தானே தலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். இறக்க முடியாத சுமையோடு போய்விட்ட ஒருத்தியின் பேரால், வழியே போகும் முகம் தெரியாதவர்களின் சுமையை இறக்கி வைக்கச் செய்த தர்மம் அது. மலையாள நாட்டில் அதனை அத்தாணி என்பார்கள். கொச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அத்தாணி என்ற பெயருடைய ஊரே இருக்கிறது. சுமட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய ராஜ்யம் கேரளம். மலையின் இருபுறத்திலும், சுமப்பவனைப் பற்றிய சிந்தனை நமக்குப் புதியதன்று.

அந்தக் கல்லை நட்டவர்கள் சுமப்பவனின் உயரத்தை அளந்து பார்த்து நட்டார்கள். நம் காலத்துச் சுரங்க நிலையங்களைக் கட்டுவோரிடம் நான் வேண்டுவது அந்த அளவெடுப்பைத்தான். மின்தூக்கி இருந்தால் போதாது. அது ரயில் பிரயாணி வெளிவரும் வாசலுக்கு எதிரில் இருக்க வேண்டும். பழுதானால் எத்தனை மணிக்குள் சீராகும் என்று அங்கேயே எழுதி வைக்க வேண்டும். மாற்று வழியைக் காட்ட ஓர் ஆள் நிற்க வேண்டும். சக்கர நாற்காலிக்காக வைத்த அகன்ற வாயிலில் மூட்டைக்காரனையும் கைகாட்டி அழைக்க வேண்டும். வெளியூர் ரயில்கள் வந்து சேரும் நிலையங்களில், சுமையைச் சில மணி நேரம் ஒப்படைத்துவிட்டுப் போகும் வைப்பறை, சுரங்க நிலையத்தின் வாசலிலேயே இருக்க வேண்டும். ரயில் பெட்டியில் கதவுக்கு அருகே ஒரு பெட்டியை நிறுத்திப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இருக்கையற்ற இடம் விட வேண்டும். சக்கரம் வைத்த பெட்டி வண்டி ஓடும்போது உருண்டு பிறர் காலில் மோதாதிருக்க ஒரு பட்டையாவது வேண்டும்.

மொழியும் ஒரு சுமைதாங்கிதான். 1987ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய சிங்கப்பூர்ப் பெருவிரைவு ரயிலில், ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழிலும் அறிவிப்புகளைக் கேட்கலாம். அங்கே பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே தமிழர்கள். ஆனாலும், தொலைவிலிருந்து வந்து அந்த நகரத்தைக் கட்டியவர்களுடைய பாஷை, பூமிக்கடியில் அவர்களுடைய காதில் விழ வேண்டும் என்று அந்த அரசு நினைத்தது. சென்னையில் தமிழ் இருக்கிறது. ஆனால் பாலக்காட்டிலிருந்து வந்திறங்குகிறவர்களில் மலையாளம் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். சென்ட்ரல் போன்ற ஒரு நிலையத்தில், மின்தூக்கி எங்கே, வைப்பறை எங்கே என்பதை அவர்களுடைய எழுத்திலும் எழுதி வைத்தால் தமிழுக்கு ஒரு குறைவும் வராது. விருந்தினரை உபசரித்த பெருமையே வரும்.

இதைச் சொல்ல இதுவே சரியான சமயம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம், 118.9 கிலோமீட்டர் நீளத்தில் மூன்று தடங்களாக, 2024ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் ஒப்புதலும் பெற்றுக் கட்டப்பட்டு வருகிறது. அதில் கணிசமான ஒரு பகுதி பூமிக்கு அடியில் ஓடப் போகிறது. சுவர் எழும்பிய பின்னர் கதவை அகலப்படுத்துவது பெருஞ்செலவு. வரைபடத்தில் ஒரு கோட்டைத் தள்ளிப் போடுவதற்குச் செலவு ஏதும் இல்லை.

அரசிடம் வேண்டியதைச் சொன்னேன். நம்மிடம் வேண்டியதையும் சொல்லாவிட்டால் என் பேச்சு அரைப் பேச்சாகிவிடும். மூட்டையைக் கட்டும்போதே, ஓர் ஆள் ஒரு கையால் தூக்கி நடக்கக்கூடிய அளவுக்குக் கட்டுங்கள். ஐந்து சிறு பைகளைவிட ஒரு பெரிய பையும், அதைவிட இரண்டு நடுத்தரப் பைகளும் நல்லவை. ஒவ்வொன்றின்மேலும் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். பரிசோதனை இயந்திரத்தில் பெட்டி போய்க்கொண்டிருக்கும்போது கண்ணை அதன்மேல் வையுங்கள். எந்தப் பையையும் தனியே விட்டுப் போகாதீர்கள், ஆளில்லாத பை இன்றைய உலகில் எல்லோரையும் கலவரப்படுத்தும். நகரும் படிக்கட்டை விட்டு மின்தூக்கியைத் தேடுங்கள். அலுவலக நேரத்தின் நெரிசல் என்றால், அரைமணி நேரம் ரயில் நிலையத்திலேயே உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு இறங்குங்கள். வண்டி வந்ததும் இறங்குகிறவர்களை முதலில் விடுங்கள். உங்களில் ஒருவர் முதலில் ஏறி நிற்க, மற்றவர் சாமானைக் கொடுக்க, நோயாளியும் குழந்தையும் நடுவில் ஏறட்டும். முதுகுப்பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். கதவு மூடத் தொடங்கிவிட்டால், மூட்டையையோ கையையோ இடையில் கொடுக்காதீர்கள்; சில நிமிஷங்களில் அடுத்த வண்டி வரும். ஆளுக்கு இருக்கை, சாமானுக்குத் தரை என்பது நியமம்; நம் பையை இருக்கையில் வைத்து ஒரு கிழவரை நிற்கவைப்பது, நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் அன்பை நாமே மறுப்பதாகும்.

நகரத்தில் வாழப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். சில வருஷங்களில் நீங்கள் அந்த நகரத்தவர்கள் ஆகிவிடுவீர்கள். எக்ஸ்ரே பட்டையும் தானியங்கி வாயிலும் உங்கள் கைக்குப் பழகிவிடும். ஒரு நாள் காலை, அலுவலகத்துக்கு விரையும் அவசரத்தில், படிக்கட்டின் நடுவில் வழியை அடைத்துக்கொண்டு ஒரு குடும்பம் மூட்டைகளோடு திகைத்து நிற்பதைக் காண்பீர்கள். உங்களுக்கு எரிச்சல் வரும், அது இயற்கை. அந்த எரிச்சலுக்கு ஒரு கணம் முன்னால், நீங்கள் முதன்முதல் அந்தப் படியில் இறங்கிய காலையையும், உங்கள் தாய் கட்டிக்கொடுத்த பையின் கனத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். நின்று, குனிந்து, முடிச்சின் ஒரு முனையைப் பிடியுங்கள்.

சாலைகளை அகலப்படுத்தியபோது நம் ஊர்களில் சுமைதாங்கிக் கற்கள் பல பிடுங்கி எறியப்பட்டுவிட்டன. அவற்றைத் திரும்ப நட இடமில்லை. ஆனால் அவை எந்தத் தர்மத்துக்காக நடப்பட்டனவோ, அந்தத் தர்மத்துக்கு இடம் பூமிக்கு மேலும் உண்டு, பூமிக்கு அடியிலும் உண்டு. கல் செய்த வேலையை இனி மனிதர்கள் செய்ய வேண்டும். கேட்கும்வரை காத்திராமல் செய்ய வேண்டும். இதுவே உங்களிடம் என் வேண்டுகோள்.